ராஜபாளையம் பஸ்ஸில் வந்த புலி

அன்பு மச்சான் சிக்கந்தருக்கு,

நாம் சேர்ந்து படித்த பள்ளியில் இந்த வருஷம் பழைய மாணவர் மலர் போடுகிறார்கள். உன்னைப் பற்றி ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். உன்னைப் 'பற்றி' எழுத எனக்கு வரவில்லை. தொடங்கித் தொடங்கிக் கிழித்துவிட்டேன். உன்னிடமே பேசுவதுபோல் எழுதினால் கை ஓடுகிறது. நம் பக்கத்துப் பஸ் எதுவும் நீ இருக்கும் ஊருக்குப் போவதில்லை. இதைப் படிக்கிறவர்களில் யாராவது என்றைக்காவது அந்தப் பக்கம் வரும்போது உன்னிடம் சொல்லிவிடட்டும். அவசரம் ஒன்றும் இல்லை, நிதானமாக வந்தால் போதும் என்று அவர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

குறிப்பு எழுதிக்கொள்ளாமல் நான் எதையும் தொடங்குகிறவன் இல்லை என்பது உனக்குத் தெரியும். சிரிக்காதே. எழுதப்போவது இவைதான்:

1. நான் விழுந்ததும், என் தொடையில் தகடு வைத்ததும்.
2. நலம் விசாரிக்க வந்தவர்கள் என்னைப் படுத்திய பாடு.
3. எனக்குப் பொழுது போவதற்கு நீ செய்த ஏற்பாடு.
4. நீ போன பிறகும் அந்த ஏற்பாடு நிற்கவில்லை என்பது; அது முழுக்க முழுக்க என் ஒருவனுக்காகவே நடந்தது என்பது.
5. நான் எழுந்து நடந்தது.

வரிசை கொஞ்சம் முன்பின் ஆகலாம். நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே நான் எல்லைக் கோடுகளைப் பென்சிலில்தான் போடுவேன். மை ஊற்றுகிற தைரியம் மற்றவர்களுக்குத்தான் இருந்தது.

விழுந்த கதை உனக்குத் தெரிந்ததுதான். மலர் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். ஐப்பசி மழையில் ஒரு நாள் சாயங்காலம் நானும் அலமேலுவும் ஆண்டாள் கோயிலுக்குக் கிளம்பினோம். கதவைப் பூட்டினேன். பூட்டை இழுத்துப் பார்த்தேன். தெருவில் இறங்கிய பிறகு, இழுத்துப் பார்த்தேனா என்று சந்தேகம் வந்தது. திரும்பி ஏறினேன். பூட்டு சரியாகத்தான் பூட்டியிருந்தது. இறங்கும்போதுதான் படி வழுக்கியது. ஒழுங்காகப் பூட்டிய கதவை மறுபடி பார்க்கப் போய் இடுப்புக்குக் கீழே எலும்பை உடைத்துக்கொண்ட ஒரே மனுஷன் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே நானாகத்தான் இருப்பேன்.

மதுரைக்குக் கொண்டுபோய்த் தகடு வைத்துத் திருகாணி போட்டு, கார்த்திகை பிறக்கும்போது வீட்டுக்கு அனுப்பினார்கள். தெருவைப் பார்த்த ஜன்னலோரம் கட்டில். காலின் இரண்டு பக்கமும் மணல் மூட்டை. எலும்பு கூடும் வரை அசையக் கூடாது, தை மாசத்துக்கு அப்புறம் பார்க்கலாம் என்று உத்தரவு. அசையாமல் இருக்கச் சொன்னால் எனக்குக் கஷ்டமில்லை, அதுதான் என் சுபாவம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு வாரத்தில் அது எவ்வளவு பெரிய தப்புக் கணக்கு என்று தெரிந்துவிட்டது. பேப்பரை அச்சிட்டவர் பெயர் வரைக்கும் படித்தேன். டிரான்சிஸ்டரில் கடலோர மீனவர்களுக்கான வானிலை அறிக்கையைக் கவனமாகக் கேட்டேன். கடல் எங்கே, நான் எங்கே?

இதோடு, பார்க்க வந்தவர்கள். நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியும்: ஆபரேஷன் ஆனவரைப் பார்க்க ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு வருவார்கள். கூடவே அதே ஆபரேஷன் ஆன வேறொருவர் கதையையும் கொண்டுவருவார்கள். அந்த வேறொருவர் எப்போதும் செத்திருப்பார். என்னோடு வேலை பார்த்த ஒருவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தன் பெரியப்பா கதையைத் தொடங்கினார்.

"இதே தொடைதான் சார். இதே தகடுதான். நல்லாத்தான் இருந்தாரு. எரிச்சு முடிச்சுப் பாத்தா, அந்தத் தகடு மட்டும் புதுசு மாதிரி அப்பிடியே இருக்கு. நல்ல கம்பெனித் தகடு சார்!"

அன்றைக்கு நீ பின்னாலேயே வந்து வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். அறைக்குள் இன்னும் இரண்டு பேர் தங்கள் செத்தவர்களோடு முறை பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

"என்னய்யா இது, ஒரு ரூமுக்குள்ள எத்தன பொணத்தக் கெடத்தி வச்சிருக்கீக?" என்றாய். "ஆளுக்கு ஒன்னாத் தூக்கிட்டுக் கெளம்புங்க. எம் மச்சான் மூச்சு முட்டிச் சாகப்போறான்."

அவர்கள் போன பிறகு, உன் சட்டைப் பையில் இருந்து மூன்று சோடா மூடியையும் ஒரு கை புளியங்கொட்டையையும் எடுத்து என் நெஞ்சின் மேல் கொட்டினாய். ஆடு புலி ஆட்டம். சோடா மூடி புலி, புளியங்கொட்டை ஆடு. ஆடுகள் சேர்ந்து நின்று புலிகளை நகர விடாமல் அடைக்க வேண்டும். புலிகள் ஆடுகளைத் தாண்டித் தாண்டித் தின்ன வேண்டும். பள்ளிக்கூடத்துப் பின்பக்கம் சிமெண்டுத் தரையில் கரியால் கட்டம் போட்டு ஆடிய ஆட்டம். அப்போதும் நீதான் புலி, நான்தான் ஆடு.

"நீ ராஜபாளையத்துல கயிறு விக்கணும். தினமும் வந்து இங்க உக்காந்தா கடையை யாரு பாப்பா?" என்றேன்.

"நான் எதுக்கு வாரேன்? என் புலி வரும். நடுவுல பஸ்ஸு எதுக்கு ஓடுது?"

சுப்பையாவை அப்படித்தான் பிடித்தாய். ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் உன் கயிற்றுக் கடைக்கு எதிரேதான் அவன் கண்டக்டராக இருக்கும் டவுன் பஸ் நிற்கும். இந்தப் பக்கம் எங்கள் தெருமுனையில் டிரைவர் டீ குடிக்க நிறுத்துவார். நீ உன் காயை அவனிடம் சொல்லி அனுப்புவாய். அலமேலு தெருமுனைக்குப் போய்க் கேட்டுவந்து என்னிடம் சொல்லுவாள். என் பதில் அதே பஸ்ஸில் திரும்பும்.

முதலில் கட்டங்களுக்கு எண் போட்டேன். அது சரிப்படவில்லை. டிக்கெட்டும் சில்லறையுமாக இருக்கிற தலையில் எண்கள் இடம் மாறின. என் ஆடு ஒன்று பலகைக்கு வெளியேகூட ஒரு தடவை போய் நின்றது. பிறகுதான் எனக்கு யோசனை வந்தது: கண்டக்டர் எண்ணை மறப்பான், ஸ்டாப்பை மறப்பானா? இரண்டு அட்டையில் ஒரே மாதிரி கட்டம் வரைந்து, கோடுகள் கூடும் இடத்துக்கெல்லாம் நம் பக்கத்து ஊர்ப் பெயர்களை எழுதினேன். உச்சிக்குச் செண்பகத்தோப்பு. கீழே சேத்தூர், தளவாய்புரம், தேவதானம். இந்தப் பக்கம் மம்சாபுரம், கிருஷ்ணன்கோவில், வ. புதுப்பட்டி. ஒரு அட்டை உனக்கு, ஒன்று எனக்கு. என் வாழ்நாளில் நான் வரைந்ததில் யாரும் தகராறு செய்யாத வரைபடம் அது ஒன்றுதான்.

அதற்கு அப்புறம் என் நாள் மாறிப்போனது, மச்சான். காலையில் கண் விழித்ததும் கால் ஞாபகம் வராது, தளவாய்புரத்தில் நிற்கும் ஆடுதான் ஞாபகம் வரும். மார்கழிக் குளிரில் கோயில் ஒலிபெருக்கிப் பாட்டுக்கு நடுவே பஸ் ஆரன் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பேன்.

தேவதானத்துக் கலவரத்தைச் சொல்லாமல் விட்டால் நீ என்னை மன்னிக்க மாட்டாய். சுப்பையாவுக்குத் தொண்டை பெரிசு. ஒரு நாள் பஸ் முழுக்க ஆள். கடைசி நிமிஷத்தில் நீ கடைவாசலில் இருந்து கத்தி அனுப்பிய காயை மறந்துவிடாமல் இருக்க, அவன் டிரைவரிடம் உரக்கச் சொல்லி வைத்தான்: "அண்ணே, ஞாபகம் வச்சுக்கோங்க. புலி சேத்தூர்ல இருந்து தேவதானத்துக்கு வந்துருச்சு. நடுவுல ஒரு ஆட்டை அடிச்சுருச்சு."

பின் சீட்டில் இருந்து ஒரு அம்மாள் எழுந்து அலறியிருக்கிறாள். தேவதானத்துக்காரி, வீட்டில் ஆடு வளர்க்கிறவள். "நிறுத்துலே வண்டிய! எந்தப் பக்கம்லே வந்துச்சு?"

"கெழக்க இருந்து தாண்டுச்சும்மா," என்றானாம் சுப்பையா, ஆட்ட நினைப்பிலேயே.

அவள் பாதி வழியில் இறங்கி எதிர்ப்பஸ்ஸைப் பிடித்து ஊருக்குப் போய்விட்டாள். சாயங்காலத்துக்குள் தேவதானத்தில் ஒரு ஆடும் மேய்ச்சலுக்கு வெளியே இல்லை. மறுநாள் விஷயம் தெரிந்து அந்த அம்மாள் உன் கடைக்கே வந்து நின்றாள். "வயசான மனுசன்தான நீரு? வெளையாடுத வயசா ஒமக்கு?" என்று அவள் கேட்க, நீ அவளுடைய ஆடுகளைக் கட்ட நல்ல கயிறாகப் பார்த்து நறுக்கிக் கொடுத்தாயாம். போகும்போது அவள் திரும்பி, "அது இருக்கட்டும், இப்ப புலி எங்க நிக்கி?" என்று கேட்டாளாம். இதைச் சுப்பையா ஜன்னலோரம் நின்று சொன்னபோது நான் சிரித்த சிரிப்பில் திருகாணி கழன்றுவிடும் என்று அலமேலு பயந்துவிட்டாள்.

ஒன்று சொல்லட்டுமா? உன் புலிகள் சோம்பேறிப் புலிகள். தின்ன வேண்டிய ஆட்டைப் பார்த்தும் பார்க்காததுபோல் போகும். எனக்கு அது அப்போதே தெரியும். நீயும் நானும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

தை பிறந்த சமயம். இரண்டு நாள் உன்னிடமிருந்து காய் வரவில்லை. "பஸ்ஸு பிரேக்கு ரிப்பேராம்," என்றாள் அலமேலு. அவள் கண் சிவந்திருந்தது. அடுப்புப் புகை என்றாள். எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு வந்து வெகு நாளாகிவிட்டது என்பது எனக்கு ஏன் அப்போது உறைக்கவில்லை? அன்றைக்குக் காலையில் அவள் கோயிலுக்கு என்று சொல்லிப் போனது உன் வீட்டுக்கு. நீ கடையில் கயிறு அளந்துகொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். டாக்டர் வருவதற்குள் முடிந்துவிட்டதாம். படுக்கையில் கிடக்கிறவனுக்குச் சாவுச் செய்தி சொல்லக் கூடாது என்பது நம் எல்லார் வீட்டிலும் உள்ள வழக்கம். அதுவும் என்னைப்போல ஒரு பயந்தாங்கொள்ளியிடம் யார் சொல்வார்கள்? தெரு முழுக்கத் தெரிந்திருந்தது. எனக்கு மட்டும் தெரியவில்லை.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, தெருமுனையில் ஆரன் கேட்டது. அலமேலு போய்விட்டு வந்தாள். வழக்கமாக வாசலில் இருந்தே சொல்லிக்கொண்டு வருகிறவள், கட்டில் பக்கத்தில் வந்து நின்று, சொல்லவா வேண்டாமா என்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

"செண்பகத்தோப்புப் புலி... மம்சாபுரத்துக்கு வந்துருச்சுங்க."

எனக்கு நிம்மதியாக இருந்தது. "பிரேக்கு சரியாயிருச்சா?" என்றேன்.

அதிலிருந்து உன் புலிகளுக்கு என்ன ஆனதென்றே எனக்குப் புரியவில்லை. ஒரு ஆட்டைக்கூட விடவில்லை. நான் மூடி மறைத்து வைத்த மூலையெல்லாம் மோப்பம் பிடித்துக்கொண்டு வந்தன. வரிசையாக மூன்று ஆட்டம் தோற்றேன். "உங்க அண்ணனுக்கு என்ன ஆச்சு? ஏதாவது கோவமா?" என்று அலமேலுவிடம் கேட்டேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அவியளுக்கு என்ன கோவம்? நீங்க நல்லா ஆடிப் பழகுங்க," என்றாள். எனக்கும் ரோஷம் வந்தது. ராத்திரியெல்லாம் மனசுக்குள் பலகையை விரித்துவைத்து யோசித்தேன். என் ஆயுளில் முதல் தடவையாக நன்றாக விளையாடத் தொடங்கினேன், மச்சான். நீ பார்த்திருக்க வேண்டும்.

மாசியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு கூடிவிட்டது. டாக்டர் வீட்டுக்கே வந்து வாக்கரை என் முன்னால் வைத்தார்.

"எந்திரிங்க சார்."

"நாளைக்குப் பாக்கலாமே டாக்டர்."

நாளைக்கு, நாளன்றைக்கு, சனிக்கிழமை வேண்டாம், அமாவாசை கழியட்டும். என்னிடம் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. காலைத் தரையில் ஊன்றினால் தகடு முறிந்து மறுபடி விழுவேன் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. கடைசியில் டாக்டர் கோபப்பட்டுவிட்டார். "இந்த மாசம் நடக்கலேன்னா மூட்டு எறுகிப் போயிரும் சார். பொறவு நானே நெனச்சாலும் ஒங்கள நடக்க வைக்க முடியாது. கட்டில்தான். யோசிச்சுக்கோங்க."

யோசித்தேன். யோசித்து, கட்டிலே பரவாயில்லை என்று முடிவுக்கு வந்தேன். பலகை இருக்கிறது, ஜன்னல் இருக்கிறது, பஸ் வருகிறது. இதைவிட ஒரு மனுஷனுக்கு என்ன வேண்டும்? அலமேலு அன்றைக்கும் கோயிலுக்கு என்று சொல்லிக் கிளம்பிப் போனாள். வெகு நேரம் கழித்து வந்தாள்.

மறுநாள் ஆட்டம் நல்ல கட்டத்தில் இருந்தது. உன் இரண்டு புலிகளை நான் அடைத்துவிட்டேன். மூன்றாவது ஒன்றுதான் பாக்கி. அது எங்கே போகும் என்று தெரிந்துவிட்டால் என் சேத்தூர் ஆட்டை வைத்து முடித்துவிடலாம். ஆரன் கேட்டது. அலமேலு வெறுங்கையோடு வருகிறவள்போல வந்தாள்.

"காயை எங்கிட்டச் சொல்லக் கூடாதாம். ஒங்க கிட்டதான் சொல்லணுமாம். வீட்டு வாசல் வரைக்கும் நடந்து வந்தா, சுப்பையா தெருவுல நின்னு சொல்லுவானாம்."

எனக்கு வந்த கோபத்தை நீ பார்த்ததே இல்லை. "நோயாளிகிட்ட வெளையாடாதேன்னு அவன்ட்ட சொல்லு!" என்றேன். அடுத்த பஸ்ஸில் பதில் வந்தது: "வரலேன்னா ஆட்டத்துல தோத்ததா வச்சுக்கிறேன்."

தோற்றதாகவா? இரண்டு புலியை அடைத்துவைத்திருக்கிற நானா? வாக்கரைப் பிடித்தேன். அலமேலு ஒரு பக்கம் தோளைக் கொடுத்தாள். வாசல் வரை போய்விட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றேன். சுப்பையா தெருவில் இருந்து அடுத்த நிபந்தனையைச் சொன்னான்: "இன்னைக்கு இம்புட்டுப் போதுமாம்யா. நாளைக்கு விளக்குக் கம்பத்துக்கிட்ட வரணுமாம். புலி நாளைக்குத்தானாம்."

விளக்குக் கம்பத்துக்குப் போன அன்று, "பஸ்ஸு நிக்கிற எடத்துக்கு" என்றான். மனசுக்குள் உன்னை என்னவெல்லாம் திட்டினேன் என்று இந்த மலரில் எழுத முடியாது. பள்ளி மாணவர்களும் படிப்பார்கள்.

கடைசியில் தெருமுனைக்குப் போனேன். "ஏட்டி, இங்க வந்து பாரு, சர்வே சார் நடக்காரு!" என்று எதிர்வீட்டில் கூப்பிட்டார்கள். பின்னாலேயே நாலைந்து பேர் வந்தார்கள். பஸ் நின்றிருந்தது. நான் வியர்த்து விறுவிறுத்துப் படிக்கட்டின் பக்கத்தில் போய் நின்று, "சொல்லுலே, புலி எங்க?" என்றேன்.

"தேவதானத்துல நிக்கிய்யா," என்றான் சுப்பையா.

"சரி. பாய்கிட்டச் சொல்லு, நான் நடந்து வந்தேன்னு. என் காலைக் கண்ணால பாத்தேன்னு சொல்லு."

அவன் பைக்குள் கையை விட்டு எதையோ தேடுவதுபோல் நின்றான். பிறகு படியில் இறங்கி என் வாக்கரைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டான். "பாய் இல்லய்யா. தை மாசமே மவுத்தாயிட்டாக. ஒங்க கிட்டச் சொல்லக் கூடாதுன்னு எல்லாருமா..."

டிரைவர் டீக் கிளாஸை வைத்துவிட்டு வந்து இன்ஜினை அணைத்தார். 

நான் கேட்டேன்: "அப்ப இத்தனை நாளும் யாருலே ஆடுனது?"

"பாய் வீட்டு அம்மாதான்யா."

உன் ரஹ்மத். மலர் படிக்கிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும்: கணவனை இழந்த பெண் நாலு மாதத்துக்கு மேல் வீட்டுக்குள்ளேயே, அயல் ஆண்கள் முன்னால் வராமல் 'இத்தா' இருப்பது உங்கள் மார்க்கத்து முறை. உன் வீட்டு உள்ளறையில் இத்தா இருந்துகொண்டுதான் அவர்கள் என் ஆடுகளைத் தின்றிருக்கிறார்கள். நடந்து காட்டினால்தான் காய் என்றதும் அவர்கள்தான். நான் எழுந்திருக்க மாட்டேன் என்கிறேன் என்று அலமேலு அவர்களிடம் போய் அழுதிருக்கிறாள். உன் மகன் கடைவாசலில் வந்து சுப்பையாவிடம் காயைச் சொல்லிவிட்டுப் போவானாம்.

அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பி வந்த வழியும் நடந்துதான் வந்தேன். எப்படி வந்தேன் என்று தெரியாது. உனக்காக அழுதேன். அதை நீளமாக எழுத மாட்டேன்; உனக்குப் பிடிக்காது. ஆனால் அழுகை அடங்கியதும் வேறொரு கூச்சம் பிடித்துக்கொண்டது. துக்கத்தில் இருக்கிற ஒரு பெண்ணை, எனக்குப் பொழுது போவதற்காக இத்தனை நாள் சோடா மூடி நகர்த்த வைத்துவிட்டேனே. நான்தான் நடந்துவிட்டேனே, இனிமேலும் அவர்களைத் தொந்தரவு செய்யலாமா? காய் அனுப்புவதை அன்றோடு நிறுத்திவிட்டேன். இத்தா முடிந்ததும் நேரில் போய் நன்றி சொல்வதுதான் முறை என்று வைத்துக்கொண்டேன்.

இதுவரை எழுதியது போன வாரம். இதற்குக் கீழே எழுதுவது இன்றைக்கு.

நேற்று உன் வீட்டுக்குப் போய்விட்டு வந்தேன். வைகாசி வெயில். ஒரு கைத்தடியோடு சுப்பையாவின் பஸ்ஸில் நானும் அலமேலுவும் போனோம். அவன் என்னிடம் டிக்கெட் கிழிக்க மறந்துவிட்டு, பிறகு எனக்கு மட்டும் ஒன்றுக்கு இரண்டாகக் கிழித்தான். உன் கடையில் உன் மகன் நைலான் கயிறு ரகம் ரகமாகத் தொங்கவிட்டிருக்கிறான், பச்சையும் நீலமுமாக. கயிற்றுக் கடைக்கு ஒரு கல்யாணக் களை வந்துவிட்டது. நீ திட்டியிருப்பாய். பிறகு வாங்குகிறவர்களிடம் நீயே பெருமையடித்திருப்பாய்.

ரஹ்மத் தலையில் முக்காட்டோடு கூடத்துக்கு வந்தார்கள். இளைத்திருந்தார்கள்.

"வாங்கண்ணே. நடந்தா வந்தீக?"

"ஸ்டாண்டுல இருந்து நடந்துதாம்மா வந்தேன்."

"நல்லாருக்கு. உக்காருங்க."

நான் உட்காரவில்லை. வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போன பேச்சை நின்றபடியே சொன்னேன். பெரிய துக்கத்தின் நடுவிலும் எனக்காக அவர்கள் செய்த காரியம், அந்த இரக்கம், இந்தக் கால் அவர்கள் கொடுத்தது என்றெல்லாம். அலமேலு என் முழங்கையைத் தொட்டாள். நான் நிறுத்தவில்லை.

ரஹ்மத் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "யாருக்காகன்னு சொன்னீக?" என்றார்கள்.

"எனக்காக..."

"அண்ணே, ஒங்க மச்சான் போன பொறவு அவுக சாமானெல்லாம் எடுத்து உள்ள வச்சாக. அந்த அட்டை மட்டும் எங் கண்ணுல பட்டுச்சு. அவுக வச்ச காயி அப்பிடியே இருந்துச்சு. நகத்தாம விட்டா அப்பிடியேதான் இருக்கும். நகத்துனா ஒரு பதிலு வரும். அன்னைக்கு எனக்கு யாராச்சும் ஏதாச்சும் பதில் சொல்லணும் போல இருந்துச்சு. அம்புட்டுதான்." அவர்களே தொடர்ந்தார்கள்: "வந்தவுக எல்லாரும் அழுதாக. அழாதவுக, இன்னொரு மவுத்தப் பத்திச் சொன்னாக. ஒங்க ஆடு மட்டுந்தான் அழாம வந்துச்சு."

அப்போதுதான் நான் உட்கார்ந்தேன்.

"நீங்க எந்திரிச்சு நடந்துட்டீக. சந்தோசம். பொறவு என்னைய அந்த ரூமுக்குள்ளயே பாதி ஆட்டத்துல விட்டுட்டுப் போயிட்டீகளேண்ணே. பஸ்ஸு ஆரன் அடிக்கும்போதெல்லாம் அட்டையப் பாப்பேன். பங்குனி போச்சு, சித்திரை போச்சு. ஒரு ஆடும் வரல."

"தப்பா ஆயிருமோன்னு... இத்தாவுல இருக்கிறவுகள..."

"கேக்காமலா ஆடுவேன்? பள்ளிவாசல் ஹஜரத் வீட்டம்மாவையே கூப்பிட்டுக் கேட்டேன். நகை போடக் கூடாது, அலங்காரம் கூடாது, வெளிய போகக் கூடாது. சோடா மூடிய நகத்துறதுல என்ன இருக்குன்னாக. சும்மா சொல்லல. அன்னையில இருந்து அவுகளும் தெனம் வந்து பக்கத்துல உக்காந்துக்கிட்டாக. ஒங்கள மூணு ஆட்டம் வரிசையாத் தோக்கடிச்சது யாருங்கிறீக? அவுக யோசனைதான்!"

அலமேலு வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். ரஹ்மத்தும் சிரித்தார்கள், மச்சான். உன் வீட்டில் நேற்று சிரிப்புச் சத்தம் கேட்டது. உன் மகன் கடையில் இருந்து ஓடிவந்து எட்டிப் பார்த்தான்.

பிறகு அட்டையை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார்கள். மாசியில் எப்படி இருந்ததோ அப்படியே. "வையுங்க. ஒங்க காயி," என்றார்கள். நான் சேத்தூர் ஆட்டை எடுத்துத் தளவாய்புரத்தில் வைத்தேன். மூன்று புலியும் அடைபட்டுவிட்டன. ரஹ்மத் அட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரியா வச்சீக," என்றார்கள். பிறகு புளியங்கொட்டைகளைத் தன் பக்கம் அள்ளிக்கொண்டு, மூன்று சோடா மூடியையும் என் பக்கம் தள்ளினார்கள். "அடுத்ததுக்கு நான் ஆடு. நீங்க புலி."

"எனக்குப் புலியா ஆடத் தெரியாதும்மா."

"படிச்சுக்கோங்க."

இன்று காலை முதல் பஸ்ஸில் அவர்களுடைய முதல் ஆடு வந்தது. வ. புதுப்பட்டியில் நிற்கிறது. தெருமுனைக்கு நானே போய்க் கேட்டுவந்தேன். என் புலி எங்கே போவதென்று இன்னும் முடிவு செய்யவில்லை. மூன்று வழி தெரிகிறது, மூன்றும் ஆபத்தாகத்தான் படுகிறது. ஆனால் மத்தியான பஸ்ஸுக்குள் அனுப்பிவிடுவேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு: எந்தக் கூச்சம் வந்தாலும், யார் என்ன நினைப்பார்களோ என்று தோன்றினாலும், ரஹ்மத்தின் ஆட்டத்தைப் பாதியில் இனி நிறுத்த மாட்டேன். தோற்கிற ஆட்டமாக இருந்தாலும்.

இதை எழுதி முடித்து, மேலே போட்ட குறிப்புகளோடு ஒத்துப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து சரியாக இருக்கின்றன. நாலாவதை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். வேண்டாம், அப்படியே இருக்கட்டும். அது என் ஒருவனுக்காகவே நடந்தது என்று எழுதியிருக்கிறேன். அது தவறு. அந்த மாதங்களில் படுத்திருந்தது நான் ஒருவன் மட்டும் இல்லை, மச்சான்.

உன் ரஹ்மத்துக்கு அண்ணனும்,
உனக்கு எப்போதும் மச்சானுமான
வரதராஜன்
ஸ்ரீவில்லிபுத்தூர்